கண்ணு என்று கூப்பிட்டது யார்?

அத்தியாயம் 11

போன வாரம் மாதேஸ்வரி வீசிய எவர்சில்வர் தட்டு சுவரில் மோதி நெளிந்ததோடு நிறுத்தியிருந்தோம். அந்த நெளிவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வீசியவளே ஒரு வாரமாக அதில்தான் சாப்பிடுகிறாள். வீட்டில் வேறு தட்டு இல்லாமல் இல்லை. கோபத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற ரகம் இல்லை அவள், அவ்வளவுதான்.

தட்டு பறந்த காரணத்தைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மகள் சுவேதா பிளஸ் டூவில் நல்ல மார்க். கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. அது வேண்டாம் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டாள்.

"நான் வெல்டர் ஆவப் போறன்ம்மா."

சூளகிரி பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு தொழிற்சாலையில் பெண்களுக்கும் வெல்டிங் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறார்கள். அதற்கு முதலில் கைத்தேர்வு ஒன்று உண்டு. இரண்டு இரும்புத் தகடுகளைக் கொடுத்து ஒட்டச் சொல்வார்கள். ஒட்டியதை வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விட்டால் வீட்டுக்குப் போகலாம்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்தத் தேர்வு நாளைக் காலை. கல்லூரியில் சேரக் கடைசி நாளும் நாளைதான். ஒரு பெண் ஒரே காலையில் சூளகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிற்க முடியாது.

அப்பா கோவிந்தப்பன் லாரியோடு தூத்துக்குடிப் பக்கம் போயிருக்கிறார். போனில் மகளிடம் "உங்கம்மா சொல்றதக் கேளும்மா" என்பார். மனைவியிடம் "புள்ள சொல்றதயும் கொஞ்சம் கேளேன்" என்பார். இரண்டு பக்கமும் சிக்னல் கிடைக்காத இடத்தில் லாரியை நிறுத்திக்கொள்வார். புத்திசாலி.

ஆக, இன்று வியாழக்கிழமை. பகலில் வீட்டில் இருப்பது அம்மாவும் மகளும்தான்.

மாதேஸ்வரிக்கு வேலை பாகலூரைத் தாண்டி ஒரு ரோஜாப் பண்ணையில். விடிவதற்குள் போய், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பூ வெட்டி முடித்துவிட்டுத் திரும்பினால் வெயில் ஏறியிருக்கும். இன்று கடைசி வரிசையில் நிற்கும்போது பக்கத்து வரிசை பாப்பம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏன் மாதேஸ்வரி, ஊட்டுக்கு இரும்புக் கேட்டு கீட்டு செய்யக் குடுத்திருக்கறயா?"

"கேட்டா? எங்க ஊட்டுக்கா?"

"இல்ல, உன் பொண்ணு எல்லப்பன் ஷெட்டுக்குள்ள போவறத நேத்து திரும்பி வரும்போது பாத்தன். அதான் கேட்டன்."

பாப்பம்மா கேட்டது கேள்வி இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மாதேஸ்வரிக்கும் தெரிந்தது. பூ வெட்டுகிற கத்திரியைக் கீழே வைக்கக்கூட மறந்து ஓசூர் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினாள். பக்கத்தில் இருந்தவர் கத்திரியைப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்.

எல்லப்பன் ஷெட் ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. டிராக்டர் டிரெய்லர், தண்ணீர் டேங்கர், வீட்டுக் கேட் எல்லாம் அங்கே செய்வார்கள். வெல்டிங் வைக்கிற இடத்தைச் சுற்றித் திரை கட்ட வேண்டும் என்பது விதி. எல்லப்பன் ஷெட்டில் திரை கிடையாது. திரைக்குப் பதிலாக அங்கே ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்த வார்த்தைதான் இன்றைய வினை.

மாதேஸ்வரி உள்ளே நுழைந்தபோது கிரைண்டர் சத்தத்தில் காது அடைத்தது. ஒரு டிரெய்லர் சட்டத்தின் மேல் இரண்டு பேர் குனிந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் முகத்தை மூடிய கறுப்பு ஷீல்டு. ஒன்று சுவேதா. தோல் ஏப்ரனுக்குக் கீழே தெரிந்த அந்தப் பச்சைச் சுடிதாரைத் துவைத்துப் போட்டவளுக்கு அடையாளம் தெரியாதா? இன்னொன்று, கரி படிந்த முழுக்கைச் சட்டை போட்ட ஓர் ஆண்பிள்ளை.

அவன் சுவேதாவின் தோளைத் தொட்டு ஒதுக்கி நிறுத்தினான். பிறகு தலையைக் குனிந்தபடி, கிரைண்டர் சத்தத்துக்கு மேல், ஷீல்டுக்குள்ளிருந்து உரக்கக் கூப்பிட்டான்.

"கண்ணூ...!"

மாதேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள்.

இந்தப் பக்கத்தில் பெற்ற பிள்ளையைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். சுவேதா பிறந்ததிலிருந்து மாதேஸ்வரியின் வாயில் வந்தது அந்த வார்த்தைதான். தட்டு பறந்த நாளிலிருந்துதான் அதை நிறுத்தி வைத்திருந்தாள். ஒரு வாரமாகத் தான் அடக்கி வைத்திருக்கும் வார்த்தையை எவனோ ஒருவன், இத்தனை பேர் நடுவில், தன் மகளைப் பார்த்துக் கூப்பிடுகிறான்.

அவன் யார் என்று பார்க்கக் கண்களை அகல விரித்தாள். அதே நொடியில் அவன் கையிலிருந்த வெல்டிங் ராடு இரும்பைத் தொட்டது. நீல வெளிச்சம் வெடித்தது.

எல்லப்பன் ஷெட்டில் 'கண்ணு' என்றால் 'பத்த வைக்கப் போறேன், கண்ணைத் திருப்பிக்கோ' என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டதும் கிரைண்டர்காரர் முகத்தைத் திருப்பினார். டீ கொண்டு வந்தவர் சுவரைப் பார்த்தார். வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து வெளியே போனது. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது மாதேஸ்வரி ஒருத்திதான்.

"அம்மா, நோட்பேடி! நோட்பேடி!" என்று கத்திக்கொண்டு வந்தார் எல்லப்பன்.

அவருக்கு அவசரத்தில் கன்னடம்தான் வரும். மாதேஸ்வரிக்கும் அந்த அளவு கன்னடம் தெரியும். பார்க்காதே என்கிறார். பார்க்கக் கூடாதபடி அங்கே என்ன நடக்கிறது? அவள் இன்னும் ஓரடி முன்னால் போய், இன்னும் உற்றுப் பார்த்தாள். ராடு எரிந்து தீர்கிறவரைக்கும் பார்த்தாள்.

வெளிச்சம் அணைந்ததும் கத்தினாள்.

"டேய், யார்றா நீ? என் பொண்ணக் கண்ணுன்னு கூப்புடறதுக்கு நீ யார்றா?"

ஷீல்டைத் தூக்கப் போன அவன் கை பாதியில் நின்றது. தூக்கவில்லை. ராடு பிடித்த ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு, மூடிய முகத்தோடு, டேங்கருக்குப் பின்பக்கமாகப் போனான். பின்வாசல் தகரம் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"ஓடறான் பாரு! எல்லப்பா, புடிங்க அவன!"

சுவேதா ஷீல்டைக் கழற்றிவிட்டு ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, வா. ஊட்டுக்குப் போலாம். நான் வரன், வா."

கூப்பிடாமலே வருகிறாள். இந்தப் பெண் எப்போது இவ்வளவு சுலபமாகக் கிளம்பியிருக்கிறாள்? மாதேஸ்வரியின் சந்தேகம் இரட்டிப்பானது.

அவன் ஏன் முகத்தைக் காட்டவில்லை என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஷீல்டுக்குப் பின்னால் இருந்தவன் கோபி. மாதேஸ்வரியின் மூத்த மகன்.

கோபி பி.இ. முடித்தவன். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அப்படித்தான் மாதேஸ்வரி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தினமும் காலையில் கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு, பைக்கில் அத்திப்பள்ளி போய், அங்கிருந்து கம்பெனி பஸ் பிடிக்கிறான் என்பது அவள் கணக்கு. ஆனால் கோடையின் தொடக்கத்திலேயே 'புராஜெக்ட் முடிந்துவிட்டது' என்று சொல்லி அவனோடு இன்னும் பலரையும் அனுப்பிவிட்டார்கள். அட்டையைத் திருப்பி வாங்க மட்டும் யாரோ மறந்துவிட்டார்கள். அந்த அட்டையோடுதான் அவன் தினமும் கிளம்புகிறான். ரோட்டு முனையில் அதைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எல்லப்பன் ஷெட்டுக்கு வண்டியைத் திருப்புகிறான். அங்கே வேலைக்கென்று வைத்திருக்கும் பழைய சட்டைக்கு மாறிக்கொள்கிறான்.

இது தெரிந்தது சுவேதாவுக்கு மட்டும். பரீட்சை முடிந்த விடுமுறையில் அண்ணனைத் தேடிக்கொண்டு ஷெட்டுக்குப் போனவள் ராடைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் கீழே வைக்கவில்லை. அண்ணனுக்கு அந்த ஷெட் மழைக்கு ஒதுங்கிய இடம். தங்கைக்கு அப்படி இல்லை. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஆட்டோவில் இருவரும் பேசவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மாதேஸ்வரி முதலில் செய்த காரியம், சுவேதாவின் பையைப் பிடுங்கித் தோல் கையுறையையும் கனமான ஷூவையும் எடுத்துப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டியதுதான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த ஷூவும் கையுறையும் இல்லாமல் வந்தால் நாளை தொழிற்சாலை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுவேதாவுக்கு அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் பூட்டினாள்.

"இப்பச் சொல்லு. யாரு அவன்?"

"ஷெட்டுல வேல செய்யறவங்கம்மா."

"பேரு இல்லியா அவனுக்கு?"

சுவேதா கீழே கிடந்த காலிப் பையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"கண்ணுன்னு கூப்புடற அளவுக்கு ஆயிப்போச்சு. அதான் காலேஜு கசக்குது. அதான் இரும்பு இனிக்குது!"

"ஐயோ ம்மா, அது என்னயக் கூப்புடல. பத்த வெக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் சொல்றது. கண்ணப் பாத்துக்கன்னு அர்த்தம். நான் பத்த வெச்சாலும் அப்புடித்தான் கத்துவன். எல்லப்பன் தாத்தா கத்துனாலும் அதான்."

"எனக்கே கத சொல்றியா? அப்புடி நல்ல எண்ணத்துல கத்துனவன் என்னாத்துக்கு மூஞ்சியக் காட்டல? நான் அந்தக் கத்து கத்தறன், மூடிய எடுத்தானா? பின்னாடி வழியா ஓடறான். தப்பு இல்லாதவன் ஓடுவானா?"

நியாயமான கேள்வி. பதில் சுவேதாவின் நாக்கு நுனியில் இருந்தது. 'அது நம்ம கோபிண்ணன்ம்மா.' ஒரே வரி. சொன்னால் சந்தேகம் தீரும். அதோடு அம்மா தினமும் தூக்கிக் காட்டுகிற உதாரணமும் சேர்ந்து போய்விடும். ஆனால் அண்ணன் தன் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தான். நானே சொல்றன், நீ சொல்லாத என்று.

"உங்கண்ணனப் பாரு!" என்றாள் மாதேஸ்வரி, சொல்லி வைத்தாற்போல. "கழுத்துல அட்ட மாட்டிக்கினு போவறான், சட்ட கசங்காம வரான். என் மாமியா காட்டு வேல. நான் முள்ளுல கைய உட்டு வேல. இந்த ஊட்டுப் பொம்பளைங்க கையப் பாத்திருக்கறயா நீ? உன் கையாச்சும் வெள்ளையா இருக்கட்டும்னு நெனச்சேன்டி. அது தப்பா?"

தப்பு என்று எப்படிச் சொல்வது? சுவேதாவுக்கு அழுகை வந்தது. அம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளை அதிகமாக வதைத்தது.

"கோபி வரட்டும் சாயங்காலம். அவன உட்டே அந்தப் பயல ரெண்டு தட்டு தட்டச் சொல்றன்."

சுவேதாவுக்கு ஒரு நொடி சிரிப்பு முட்டியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மதியச் சாப்பாடு அந்த நெளிந்த தட்டில் அப்படியே கிடந்தது. மாதேஸ்வரி கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். ஆத்திரத்தில் அழுதது உறுத்துகிறது என்று நினைத்தாள். வெயில் சாயத் தொடங்கியபோது முற்றத்தில் துணி எடுக்கப் போனவள், கொடியைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"சுவேதா! கண்ணத் தொறக்க முடியலடி! கண்ணுல மண்ண வாரிப் போட்டாப்புல இருக்குதுடி!"

சுவேதாவுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. வெறும் கண்ணால் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் பழி வாங்கும். ஷெட்டில் எல்லோரும் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து பாப்பம்மா ஓடி வந்தாள், கையில் ஏதோ ஒரு கிண்ணத்தோடு. "வெண்ணெயில இலையக் கசக்கி வெச்சா எரிச்சல் எறங்கிடும், இரு."

"கண்ணுல எதையும் வெக்காதீங்கக்கா. தேய்க்காத ம்மா, கைய எடு. ஆட்டோ மட்டும் கூப்புடுங்கக்கா."

அந்தக் குரலைக் கேட்டுப் பாப்பம்மா மறுபேச்சில்லாமல் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். மாதேஸ்வரியும் கையை எடுத்துவிட்டாள். மகள் தன்னை அதட்டியது உறைக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வெல்டிங் பாத்தீங்களா?"

"பாத்தன்."

"யாரும் கத்தலயா, பாக்காதீங்கன்னு?"

மாதேஸ்வரி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"பார்வைக்கு ஒண்ணும் ஆகல. ஓரிரு நாள்ல சரியாயிடும். வெளிச்சம் படக் கூடாது, தேய்க்கக் கூடாது. இந்தச் சொட்டு மருந்த விடுங்க. வலி குறையலன்னா உடனே வாங்க."

வீட்டுக்கு வந்ததும் சுவேதா ஜன்னலுக்குப் போர்வை கட்டி அறையை இருட்டாக்கினாள். அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, ஈரத்துணியை மடித்துக் கண்களின் மேல் போட்டாள். துணி சூடாகச் சூடாக மாற்றிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த துணி மாறும்போது மாதேஸ்வரி சொன்னாள்.

"ஒரு தரம் பாத்ததுக்கே இப்புடி. நீ தெனமும் அதும் முன்னாடி நிக்கறன்ற. உன்ன எப்புடிடி அனுப்புவன்?"

"நீ வெறுங்கண்ணால பாத்தம்மா. நான் கண்ணாடி வழியா பாக்கறன்."

"என்னா தெரியுது அதுல?"

ஒரு வாரமாகச் சுவேதா திட்டு வாங்கினாளே தவிர, இப்படி ஒரு கேள்வியை அம்மா கேட்டதில்லை.

"மொதல்ல ஒண்ணுமே தெரியாது, ஒரே இருட்டு. பத்த வெச்சதும், இரும்பு உருகிச் சின்னதா ஒரு கொளம் மாதிரி நிக்கும். அது மட்டுந்தான் தெரியும். கை நடுங்குனா அதும் நடுங்கும். அத ஒரே சீரா இழுத்துக்கினே போவணும். முடிச்சிட்டுக் கசடத் தட்டி உட்டா, ரெண்டு இரும்பு ஒண்ணா ஆயிருக்கும். மார்க்கு வந்த அன்னிக்கி எல்லாரும் லட்டு குடுத்தீங்க. எனக்கு நான்தான் வாங்குனன்னு தோணவே இல்லம்மா. மொத மொதல்ல ஒரு கேட்டுக் கம்பி ஒட்டுனன் பாரு, எல்லப்பன் தாத்தா சுத்தியால அடிச்சாரு, ஒட்டு உட்டுப்போவல. அன்னிக்கித்தான் இது என்னுதுன்னு தோணுச்சு."

மாதேஸ்வரி நழுவிய ஈரத்துணியைத் தானே இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

"உன் கையும்தான் ம்மா. எந்தப் பூவ எங்க வெட்டணும்னு உன் கைக்குத் தெரியுதுல்ல?"

"அது வவுத்துப் பாட்டுக்குடி. நான் ஆசப்பட்டா போனன்?"

"நான் ஆசப்பட்டுப் போறன்."

அதற்கும் அம்மாவிடமிருந்து சாவி வரவில்லை. "நாளைக்கிக் கிருஷ்ணகிரிக்குப் போற. பாப்பம்மா கூட வருவா," என்றாள் கடைசியில். கண் மூடியிருந்தாலும் கை இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

பொழுது இறங்குகிற நேரத்தில் கோபியின் பைக் வந்து நின்றது. கழுத்தில் அட்டை. தலை வாரியிருந்தான், முகம் கழுவியிருந்தான். சட்டை கசங்கவில்லை. வாசலிலேயே சுவேதா அவனைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா வெறுங்கண்ணால பாத்துச்சே, கண்ணு போயிருச்சா?" அவன் குரல் உடைந்திருந்தது.

"ரெண்டு நாள்ல சரியாயிடுமாம். நீ உள்ள போயி சொல்லிடு."

"இந்த நெலமையிலயா? வேணாம் சுவேதா. அப்பா வரட்டும். வேற ரெண்டு எடத்துல இண்டர்வியூ குடுத்திருக்கறன். எதாச்சும் கெடச்சிட்டா சொல்லவே தேவையில்ல. இன்னும் ஒரு மாசம்."

"உனக்கு ஒரு மாசம் இருக்குதுண்ணா. எனக்கு இன்னிக்கி ஒரு ராத்திரிதான் இருக்குது."

கோபி தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்த ஒரு கோபி இருக்கிறானே, அவனைக் கொல்ல இந்தக் கோபிக்குத் தைரியம் வரவில்லை.

"அம்மா உன்ன என் லவ்வர்னு நெனச்சிக்கினு இருக்கறா. உன்ன உட்டே உன்ன ஒதைக்கச் சொல்லப் போறா," என்றாள் சுவேதா. யாரும் சிரிக்கவில்லை.

கோபி உள்ளே வந்ததும் மாதேஸ்வரி காலடி ஓசையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"கோபியா? பாத்தியாடா உங்கம்மா கோலத்த?"

"பாத்தன்ம்மா." கட்டில் ஓரத்தில் நின்றான்.

"நாளைக்கி லீவு போடு. அந்த ஷெட்டுக்குப் போ. மூஞ்சிய மூடிக்கினு ஓடுனவன் எவன்னு தெரிஞ்சிக்கினு வா. இவ சொல்ல மாட்டேங்கறா. நீ படிச்சவன், நீ கேட்டா சொல்லுவாங்க."

"சரிம்மா."

சரிம்மாவாம்! சுவேதா அண்ணனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். மருந்து விடுகிற நேரம் ஆகிவிட்டது. இருட்டில் குப்பியைத் தேடினால் கிடைக்கவில்லை. எங்கோ தலையணைக்குக் கீழே உருண்டிருந்தது.

"ஒரு நிமிசம் லைட்டு போடறன்," என்று கோபி சுவர்ப் பக்கம் போனான். சுவேதா துணியை மாற்றுவதற்காக அம்மாவின் கண்களிலிருந்து எடுத்திருந்தாள். அதை அவன் கவனித்துவிட்டான். அம்மாவின் கண்ணில் வெளிச்சம் படக் கூடாது. காலையில் தன்னால் பட்டது போதும். ஸ்விட்சில் கை வைத்தபோது, யோசிக்காமலே, பழகிய வாய் தானாகக் கத்தியது.

"கண்ணூ...!"

அதே இழுப்பு. அதே குரல்.

சுவேதாவின் கையிலிருந்த ஈரத்துணி தரையில் விழுந்தது. கோபியின் விரல் ஸ்விட்சின் மேலேயே உறைந்து போனது. அவன் அழுத்தவில்லை. தான் என்ன சொன்னோம் என்பது இப்போதுதான் அவன் காதில் விழுந்திருந்தது.

"லைட்டப் போடாத," என்றாள் மாதேஸ்வரி.

அவள் கத்தவில்லை. மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன.

"என்னா சொன்ன?"

"கண்ண மூடிக்கன்னு சொன்னன்ம்மா."

"இன்னொரு தரம் சொல்லு. காலையில சொன்னாப்புலயே சொல்லு."

கோபி ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தான்.

"இங்க வா."

வந்தான். மாதேஸ்வரி இருட்டில் கையை நீட்டித் தடவி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். முழுக்கைச் சட்டையின் பட்டனை நெகிழ்த்தி, துணியை மேலே தள்ளினாள். முள்ளுக்குள் கை விட்டே பழகிய விரல்கள் அவை. பொறி பட்டுக் காய்ந்த சின்னச் சின்னப் பொருக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே முழங்கை வரைக்கும் போயின. சில ஆறியிருந்தன. ஒன்று இன்று காலை பட்டது. அதைத் தொட்டபோது கோபி லேசாகத் துடித்தான்.

"எத்தன நாளா?" என்று அவள் கேட்கவில்லை. பொருக்குகளே சொல்லிவிட்டன.

"உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா," என்றாள் சுவேதா.

"காலையில இருந்து அவன வெச்சி உன்னப் பேசுனன். அவனப் பாரு, அவனப் பாருன்னு. அப்பக்கூட வாயத் தொறக்கல நீ."

மாதேஸ்வரி மகனின் கையை விட்டுவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை உருவி, மகளின் குரல் வந்த திசையில் நீட்டினாள்.

"இந்தா. புடி கண்ணு."

சுவேதா சாவியை வாங்காமல் நின்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது. "ம்மா, காலேஜு...?"

"போன்னு நான் சொல்லல. சாவி குடுக்கறன், அவ்வளவுதான். மீதிய அப்பறம் பேசிக்கலாம். நாளைக்கி எனக்கு உங்கண்ணங்கிட்ட வேல இருக்குது."

கோபி கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். மாதேஸ்வரியின் கை மறுபடியும் அவனைத் தேடி வந்தது. தலையைத் தொட்டது, தோளைத் தொட்டது, கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பிடித்துக்கொண்டது.

"உன் கம்பெனி பஸ்ஸு காலையில எங்க வரும்?"

"அத்திப்பள்ளில," என்றான் கோபி. இந்த நேரத்திலும் அந்தப் பொய்தான் வாயில் வந்தது.

"சரி. இந்தக் கயித்தக் கழட்டாத, போட்டுக்கினே தூங்கு. காலையில நானும் கூட வரன். கண்ணு தெரியாட்டி என்னா, நீ கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போ. நீ எங்க எறங்கறயோ, அங்கியே நானும் எறங்கறன்."